மாற்றம் என்றாலே முகம் சுளிக்கும் டீம்: பணியிட எதிர்ப்பைக் கடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புது சாஃப்ட்வேர் வருகிறது என்று மீட்டிங்கில் அறிவிக்கிறீர்கள். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். கேள்வி இருக்கிறதா என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிப் பேர் பழைய எக்செல் ஷீட்டிலேயே வேலையை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் நாள் முழுக்க எக்செலில் செய்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் அதையே புது சாஃப்ட்வேரில் அவசரமாக ஏற்றிவிட்டுப் போகிறார்கள். மேலிடத்துக்குப் போகும் ரிப்போர்ட்டில் மட்டும் எல்லாம் அமலாகிவிட்டது.

இந்த இடத்தில் பெரும்பாலான மேனேஜர்கள் வரும் முடிவு, "இவங்க மாறவே மாட்டாங்க." பழியை ஆட்களின் குணத்தில் போட்டுவிட்டால் நமக்கு வேலை மிச்சம். ஆனால் அதே ஆட்கள்தான் போன வருஷம் புது போன் வாங்கி, யாரும் சொல்லித்தராமலே ஒரு வாரத்தில் பழகிக்கொண்டவர்கள். மாற்றம் என்பதே அவர்களுக்குப் பிடிக்காது என்று சொன்னால் இது எப்படி?

மேலிடத்தில் முடிவான ஒரு மாற்றத்தைத் தன் டீமில் நடத்திக்காட்ட வேண்டிய பொறுப்பு யார் தலையில் விழுந்திருக்கிறதோ, அவருக்காக இதை எழுதுகிறேன். டீம் லீடர், சூபர்வைசர், துறைத் தலைவர், ஹெச்ஆர் என யாராகவும் இருக்கலாம்.

ஆட்களா, நடத்திய விதமா?

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் மரியான் என்ற ஊரில் ஹார்வுட் என்றொரு பைஜாமா தொழிற்சாலை இருந்தது. அங்கே லெஸ்டர் கோச், ஜான் ஃப்ரெஞ்ச் என்ற இருவர் நடத்திய பரிசோதனை 1948-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. பணியிட எதிர்ப்பைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் எப்படியாவது இந்தக் கட்டுரைக்கு வந்து சேர்வார்கள்.

இஸ்திரி போடும் 18 பேர் கொண்ட ஒரு குழு. முடித்த துணியை அரை டஜன், அரை டஜனாக ஓர் அட்டையின் மேல் அடுக்கிவந்தார்கள். இனி அட்டைக்குப் பதில் பெட்டியில் அடுக்க வேண்டும். அட்டை இருந்த அதே இடத்தில்தான் பெட்டியும் இருக்கும். அவ்வளவுதான் மாற்றம். இதற்கு ஆகும் கூடுதல் நேரத்தையும் கணக்கில் சேர்த்துப் புதுக் கூலி விகிதம் போட்டார்கள். நிர்வாகம் வழக்கம்போல் கூட்டம் கூட்டி, காரணம் சொல்லி, கேள்விகளுக்குப் பதிலும் சொல்லி அனுப்பியது. அதன் பிறகு உற்பத்தி சரிந்தது. 40 நாள் ஆகியும் மீளவில்லை. அந்த 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். முறை வகுத்த என்ஜினீயரோடு மோதல், சூபர்வைசர் மேல் கோபம், வேண்டுமென்றே மெதுவாகச் செய்வது என்று எல்லாம் நடந்தது. ஒரு பெட்டிக்காக!

வேறு இரண்டு சிறிய குழுக்களில், புது முறையை வகுப்பதிலேயே எல்லோரையும் உட்காரவைத்தார்கள். எதைக் குறைக்கலாம், நேரத்தை எப்படிக் கணக்கிடலாம் என்று அவர்களே யோசனை சொன்னார்கள். அந்தக் குழுக்கள் மளமளவென்று பழைய அளவைத் தொட்டு, பிறகு முன்பு செய்ததைவிடச் சுமார் 14 சதவீதம் கூடுதலாகச் செய்தன. ஒருவரும் வேலையை விடவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். முதல் குழுவில் மிஞ்சிய 13 பேரை இரண்டரை மாதம் கழித்து வேறொரு வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை அவர்களையும் சேர்த்துவைத்துத் திட்டமிட்டார்கள். அடங்காதவர்கள் என்று பெயர் வாங்கியிருக்க வேண்டிய அதே 13 பேர் மற்ற குழுக்களைப் போலவே வேகமாகப் பழகி, உற்பத்தியையும் உயர்த்திக் காட்டினார்கள். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த 13 பேரை மனதில் வைத்து எழுதியவை.

படி 1: மாற்றத்தை ஆள்வாரியாக எழுதுங்கள்

'டிஜிட்டலுக்கு மாறுகிறோம்', 'செயல்திறனை உயர்த்துகிறோம்' என்பதெல்லாம் மாற்றத்தின் விவரம் ஆகாது. ஒரு தாள் எடுத்து, உங்கள் டீமில் உள்ள ஒவ்வொரு பொறுப்புக்கும் மூன்று விஷயங்களை எழுதுங்கள். திங்கட்கிழமை காலை முதல் இவர் எதைச் செய்வதை நிறுத்த வேண்டும்? புதிதாக எதைச் செய்ய வேண்டும்? இதனால் இவருக்கு என்ன போகிறது?

மூன்றாவது கேள்வியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். போவது எப்போதும் சம்பளமாகவோ வேலையாகவோ இருக்காது. பதினைந்து வருஷ அனுபவத்தில் வந்த கைத்திறன் ஒரே நாளில் மதிப்பிழக்கலாம். 'அவரைக் கேட்டால்தான் தெரியும்' என்ற இடம் பறிபோகலாம். பக்கத்து மேசை நண்பர் வேறு ஷிஃப்டுக்குப் போய்விடலாம். ஓவர்டைம் குறையலாம். யாருக்கும் கணக்குச் சொல்லாமல் தன் போக்கில் வேலை செய்த சுதந்திரமும் போகலாம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் நிறைய எதிர்ப்பின் அடியில் இருப்பது இதுதான்.

எழுதி முடித்த பிறகு யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்று தாள் காட்டினால், நீங்கள் சரியாக விசாரிக்கவில்லை என்று அர்த்தம்.

படி 2: சூபர்வைசர்களுக்கு முதலில் சொல்லுங்கள்

பெரிய அரங்கில் எல்லோரையும் கூட்டி, ஒரே நேரத்தில் அறிவிப்பது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கூட்டம் முடிந்ததும் ஊழியர் நேராகப் போய்க் கேட்பது தன் சூபர்வைசரிடம்தான்: "என்ன சார், இது நிஜமா? நம்ம செக்‌ஷனுக்கு என்ன ஆகும்?" அவரும் அதே கூட்டத்தில் அதே நேரத்தில் கேள்விப்பட்டவர் என்றால், "எனக்கும் இப்பத்தான் தெரியும்பா" என்று உதட்டைப் பிதுக்குவார். அறிவிப்பு அங்கேயே செத்துவிடும்.

நடுமட்டத்தில் இருப்பவர்களுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். அவர்களுடைய கோபத்தையும் சந்தேகத்தையும் மூடிய அறைக்குள் கொட்டித் தீர்க்க விடுங்கள். அவர்களுக்கு வரப்போகும் கேள்விகளுக்குப் பதில் தயார் செய்யுங்கள். பதில் இல்லாத கேள்விக்கு, "இது இன்னும் முடிவாகவில்லை, இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்" என்பதே பதில். தேதியைச் சொன்னால் அந்தத் தேதியில் சொல்லிவிட வேண்டும்.

படி 3: எந்த வகை எதிர்ப்பு என்று பிரித்துப் பாருங்கள்

முணுமுணுப்பு எல்லாம் வெளியே இருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மருந்து வேறு வேறு. நிர்வாகவியல் ஆய்வாளர்களான ஜான் காட்டர், லியோனார்ட் ஷ்லெசிங்கர் இருவரும் 1979-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் நான்கு காரணங்களைச் சொன்னார்கள்: சொந்த நலன் பறிபோகும் அச்சம், தவறான புரிதலும் நம்பிக்கையின்மையும், நிலைமையை வேறுவிதமாக எடைபோடுவது, மாற்றத்தைத் தாங்கும் சக்தி குறைவாக இருப்பது. நடைமுறையில் நான் இதைக் கொஞ்சம் மாற்றி, இப்படிப் பிரிக்கிறேன்.

தெரியாததால் வரும் எதிர்ப்பு. ஏன் இந்த மாற்றம், எப்போது, எனக்கு என்ன என்பது புரியவில்லை. தெளிவாகச் சொன்னாலே பாதி அடங்கிவிடும். மேனேஜர்கள் பலர் எல்லா எதிர்ப்பையும் இந்த வகையாகவே நினைத்து, மறுபடி மறுபடி பிரசன்டேஷன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முடியாததால் வரும் எதிர்ப்பு. மனம் இருக்கிறது, கை வரவில்லை. நடுவயதைத் தாண்டிய, திறமைசாலி என்று பெயரெடுத்த ஒருவர் இளைஞர்கள் முன்னால் தட்டுத்தடுமாற விரும்ப மாட்டார். "இதெல்லாம் தேவையில்லாத வேலை" என்று அவர் சொல்வதன் பொருள், "எனக்கு இது வரலை, கேட்க வெட்கமா இருக்கு" என்பதாக இருக்கலாம்.

இழப்பால் வரும் எதிர்ப்பு. முதல் படியில் எழுதிய தாள் இங்கே உதவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நெசவு இயந்திரங்களை உடைத்த லட்டைட்டுகளை இயந்திர விரோதிகள் என்று இன்றும் சொல்வார்கள். அவர்களில் பலர் தொழில் கற்றுத் தேர்ந்தவர்கள், தாமே இயந்திரம் இயக்கியவர்கள். 1811-ல் அவர்கள் எழுந்தது, இயந்திரத்தைக் காட்டிக் கூலியைக் குறைத்ததற்கும், தொழில் பழகாத ஆட்களை வைத்து மட்டமான சரக்குத் தயாரித்ததற்கும் எதிராக.

உறவு கெடுவதால் வரும் எதிர்ப்பு. 1954-ல் பால் லாரன்ஸ் என்ற ஹார்வர்ட் பேராசிரியர் எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது. தொழில்நுட்ப மாற்றத்தை மக்கள் பெரும்பாலும் எதிர்ப்பதில்லை. அதோடு சேர்ந்து வரும் சமூக மாற்றத்தைத்தான் எதிர்க்கிறார்கள் என்றார் அவர். யார் யாரிடம் கேட்க வேண்டும், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு கலைகிறதே, அதுதான் உறுத்துகிறது. தன்னோடு பேசிப் பழகிய என்ஜினீயர் கொண்டுவரும் புதுக் கருவியை ஆர்வமாகச் சோதித்துப் பார்க்கும் தொழிலாளி, முன்பின் தெரியாத ஒருவர் கடிகாரத்தோடு வந்து நின்றால் அதே மாதிரிக் கருவியைத் தொடக்கூட மாட்டார்.

நம்பிக்கை இழந்ததால் வரும் எதிர்ப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒன்று ஆரம்பித்துப் பாதியில் கைவிட்டீர்கள். ஆள்குறைப்பு இல்லை என்று சொல்லிவிட்டு ஆள் குறைத்தீர்கள். இதற்குப் பேச்சு மருந்தாகாது. சின்னதாக ஒரு வாக்கு கொடுத்து, அதைச் சொன்ன தேதியில் நிறைவேற்றிக் காட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

கடைசியாக, அவர்கள் சொல்வது சரி என்பதால் வரும் எதிர்ப்பு. இதை ஒரு வகையாகவே பலர் சேர்த்துக்கொள்வதில்லை. அடுத்த படியில் பார்ப்போம்.

படி 4: தனித்தனியாகப் பேசுங்கள், செய்துகாட்டச் சொல்லுங்கள்

கூட்டத்தில் உண்மை வராது. மேனேஜர் முன்னால் 'முடியாது' என்று சொல்லும் துணிச்சல் எல்லோருக்கும் இருக்காது. சொல்பவரும் 'நெகட்டிவ் ஆள்' என்ற பெயரைச் சம்பாதிப்பார். ஆகவே ஒவ்வொருவராக, அவரவர் வேலை செய்யும் இடத்திலேயே போய்ப் பேசுங்கள். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஒரு சரக்குக் கிடங்கில் பார்கோட் ஸ்கேனர் வந்திருக்கிறது என்று வையுங்கள். ஸ்டாக் பார்க்கும் மூத்தவர் மட்டும் நோட்டை விடமாட்டேன் என்கிறார்.

"ஸ்கேனர் பரவாயில்லையா?"

"நல்லா இருக்கு சார்."

"நேத்து வந்த லோடு எப்படி என்ட்ரி போட்டீங்க? ஒரு தடவை காட்டுங்களேன்."

அவர் ஸ்கேனரை எடுக்கிறார். முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி, சரியாகப் போகிறது. மூன்றாவது பெட்டியில் லேபிள் பாதி கிழிந்திருக்கிறது. திரையில் சிவப்பு எழுத்து. இரண்டு தடவை அழுத்துகிறார், நகரவில்லை.

"இதான் சார் பிரச்சினை. லேபிள் கிழிஞ்ச பெட்டி ஒவ்வொரு லோடுலயும் நாலஞ்சு இருக்கும். ஸ்கேன் ஆகலைன்னா இது அடுத்த பெட்டிக்கே விடாது. வெளியே லாரி நிக்குது, டிரைவர் ஹார்ன் அடிக்கிறார். நான் என்ன பண்றது? நோட்டுல எழுதிட்டு சாயங்காலம் உக்காந்து ஏத்துறேன்."

ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. இவர் மாற்றத்தை எதிர்க்கவில்லை; சாஃப்ட்வேரில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை இவர் தன் சொந்த நேரத்தைக் கொடுத்து அடைத்துக்கொண்டிருக்கிறார். நோட்டைப் பிடுங்கியிருந்தால் லாரிகள் வரிசைகட்டி நின்றிருக்கும்.

பேச்சை அங்கேயே நிறுத்தாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால், "முன்னாடி எந்தப் பொருள் எங்க இருக்குன்னு எல்லாரும் என்னைத்தான் வந்து கேப்பாங்க சார்..." என்று ஒரு வாக்கியம் வரக்கூடும். அதை முடிக்காமல் விட்டுவிடுவார். முதல் காரணத்தைச் சாஃப்ட்வேர் கம்பெனியிடம் சொல்லிச் சரிசெய்துவிடலாம். இரண்டாவது காரணம் உங்கள் கையில்தான் இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்குப் பழக்கிவிடும் பொறுப்பை அவரிடம் கொடுக்கலாம். ஸ்டாக் கணக்கு உதைக்கும்போது அவர் கையெழுத்துப் போட்டால்தான் சரி என்று வைக்கலாம்.

இப்படிக் கேட்ட எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி வையுங்கள். யார் சொன்னார் என்பது உங்களோடு இருக்கட்டும். எதைச் சரிசெய்தோம், எதைச் செய்ய முடியாது, ஏன் என்பதை வாரம் ஒருமுறை எல்லோர் பார்வைக்கும் வையுங்கள். சொன்னால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த ஆள் வாய் திறப்பார்.

படி 5: பழைய முறையை இழிவாகப் பேசாதீர்கள்

புதியதை உயர்த்துவதற்காகப் பழையதை மட்டம் தட்டுவது மாற்றம் கொண்டுவருபவர்களின் பழக்கதோஷம். 'இத்தனை வருஷமா எவ்வளவு நேரத்தை வீணாக்கியிருக்கோம் பாருங்க' என்று ஒரு ஸ்லைடு. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்தான் அந்த 'வீணாக்கியவர்கள்'.

ஆதாரம் பலமாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் வியன்னா பொது மருத்துவமனையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1847-ல் அங்கே மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பணியாற்றிய பிரசவப் பிரிவில் தாய்மார்கள் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று கணித்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவவைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2 சதவீதத்துக்கு இறங்கியது. இதைவிடத் தெளிவான எண் யாருக்குக் கிடைக்கும்? இருந்தும் அக்கால மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. 1849-ல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. நோய்க்குக் கிருமிதான் காரணம் என்ற கொள்கை இன்னும் நிலைபெறாத காலம், அவரும் முழுமையான விளக்கத்தை 1861 வரை நூலாக வெளியிடவில்லை என்பதெல்லாம் உண்டு. ஆனால் அந்த எண்ணை ஒப்புக்கொள்வது என்றால், 'இத்தனை தாய்மாரையும் கொன்றது என் கைதான்' என்று ஒரு மருத்துவர் ஒப்புக்கொள்வது. அது எளிதா?

உங்கள் அலுவலகத்தில் உயிர் போவதில்லை. ஆனாலும் புது முறை சரி என்றால் நான் இதுவரை செய்தது தப்பா என்ற கேள்வி எல்லோர் மனதிலும் ஓடும். அதற்கு இடம் கொடுக்காமல் சொல்லுங்கள்: 'நாம் சின்ன டீமாக இருந்தபோது இந்த ஷீட்தான் நம்மைக் காப்பாற்றியது. இப்போது ஆர்டர் பல மடங்கு ஆகிவிட்டது, அதற்கு இது தாங்காது.' ஆட்கள் தவறவில்லை, சூழ்நிலை மாறியிருக்கிறது என்ற பொருள் வர வேண்டும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

படி 6: அழுத்தத்தைக் கூட்டும் முன் தடையைக் குறையுங்கள்

சமூக உளவியலில் பெரிய பெயரான கர்ட் லெவின், ஒரு நிலைமையை இரண்டு பக்கமும் தள்ளும் விசைகளின் சமநிலையாகப் பார்த்தார். மாற்றத்தை நோக்கித் தள்ளும் விசைகள் ஒரு பக்கம், தடுக்கும் விசைகள் மறுபக்கம். தள்ளும் பக்கத்தில் பலத்தைக் கூட்டினால் எதிர்ப்பக்கமும் முறுக்கிக்கொள்ளும், நடுவில் இறுக்கம்தான் அதிகமாகும். தடுப்பதைக் குறைத்தால் நிலைமை தானாகவே நகரும். துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுவதா, கதவை உதைப்பதா என்பது மாதிரிதான். மேனேஜர்களுக்குப் பழக்கம் உதைப்பது: நினைவூட்டல் மெயில், கெடு, எச்சரிக்கை.

தடைகளில் பெரியது வேலை போய்விடுமோ என்ற பயம். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. வேலைக்கு வராமல் இருப்பது, மோதல், மட்டமான தரம் என்று நாட்டிலேயே பெயர் கெட்டுப்போய் 1982-ல் மூடப்பட்டது. 1984-ல் டொயோட்டாவோடு கூட்டாக 'நும்மி' என்ற பெயரில் திறந்தபோது, பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களைத்தான், அதே தொழிற்சங்கத்தோடு, வேலைக்கு எடுத்தார்கள். டீம் லீடர்கள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டா ஆட்களோடு தோளோடு தோள் நின்று வேலை பழகவைத்தார்கள். கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்ற உரிமை வந்தது. முன்பு இருபது சதவீதத்தை ஒட்டியிருந்த வருகைக்குறைவு இரண்டு, மூன்று சதவீதமாகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வாக்கு. நிறுவனமே நிலைக்குமா என்ற கட்டம் வந்தாலொழிய ஆட்குறைப்பு செய்ய மாட்டோம், அப்போதும் முதலில் அதிகாரிகள் சம்பளத்தில் கைவைப்போம் என்று எழுதிக்கொடுத்தார்கள். 1988 வாக்கில் விற்பனை படுத்து, உற்பத்தித் திறனில் கணிசமான பகுதி சும்மா கிடந்தபோதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மிஞ்சிய ஆட்களைப் பயிற்சிக்கும் மேம்பாட்டு வேலைகளுக்கும் அனுப்பினார்கள். உங்களால் அவ்வளவு பெரிய வாக்கு கொடுக்க முடியாமல் போகலாம். ஆனால் வேலைக்கு ஆபத்து இல்லை என்றால் அதை எழுத்தில் கொடுங்கள். ஆபத்து உண்டு என்றால் மழுப்பாதீர்கள். எத்தனை இடம், எப்போது, என்ன ஈடு என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மறைத்தால் பத்துப் பேருக்கு வர வேண்டிய பயம் நூறு பேருக்கும் வரும்.

இரண்டாவது பெரிய தடை டார்கெட். புது முறையில் முதல் சில வாரங்கள் வேகம் குறைவது இயல்பு. அந்த வாரங்களிலும் பழைய டார்கெட்டையே வைத்து இன்சென்டிவை வெட்டினால், பழகுவதற்கு நீங்களே அபராதம் விதிக்கிறீர்கள். எந்தப் புத்திசாலியும் எக்செலுக்குத்தான் திரும்புவார். பழகும் காலத்துக்குத் தனி டார்கெட் வைக்க மேலிடத்திடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்குங்கள். இது கிடைக்காத மாற்றத்தைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

படி 7: எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கருத்துக் கேளுங்கள்

முடிவு எடுத்த பிறகு கருத்துக் கேட்பதுபோல் நடிப்பதைப் போல வெறுப்பேற்றும் காரியம் வேறில்லை. கண்துடைப்பு என்று முதல் பத்து நிமிஷத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அதனால் நேராகச் சொல்லுங்கள்: 'ஸ்கேனர் வருவது உறுதி, அதில் பேச ஒன்றுமில்லை. எந்தச் செக்‌ஷனில் முதலில் தொடங்குவது, லேபிள் கிழிந்த பெட்டிக்கு என்ன வழி, ஷிஃப்ட் மாறும்போது யார் கணக்கு முடிப்பது, இதையெல்லாம் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.' திறந்திருக்கும் பகுதி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அது நிஜமாக இருக்க வேண்டும். அவர்கள் சொல்வதில் ஒன்றாவது அப்படியே நடைமுறைக்கு வர வேண்டும்; யார் யோசனை என்று பெயரும் சொல்ல வேண்டும்.

ஹார்வுட்டில் இன்னொரு குழு, எல்லோரும் பங்கெடுக்காமல் சில பிரதிநிதிகள் வழியாக மட்டும் பங்கெடுத்தது. அது முழுப் பங்கு கொடுத்த குழுக்களைவிட மெதுவாகப் பழகினாலும், வெறுமனே அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவைவிட எவ்வளவோ மேலாக, இரண்டு வாரத்திலேயே நல்ல வேகம் பிடித்தது. ஆகவே இருநூறு பேரை ஒன்றாக உட்காரவைக்க முடியாது என்பது ஒரு சாக்கு ஆகாது. ஆளனுப்பச் சொல்லுங்கள். யாரை அனுப்புவது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

படி 8: முதலில் ஓரிடத்தில் நடத்திப் பாருங்கள்

புதியதை மக்கள் ஏற்கும் வரிசையைச் சமூகவியலாளர் எவரெட் ராஜர்ஸ் 1962-ல் வகுத்தார்: முதலில் பாய்பவர்கள் 2.5 சதவீதம், அடுத்து யோசித்து முந்துபவர்கள் 13.5, பிறகு 34, 34 என்று இரண்டு பெரும்பான்மைகள், கடைசியில் 16. சோதனைக்கு ஆள் தேடும்போது எல்லோரும் அந்த 2.5-ஐத்தான் பிடிப்பார்கள்; புது கேட்ஜெட் என்றால் ஓடிவருபவரை. அவர் வெற்றிபெற்றால் மற்றவர்கள் 'அவனுக்கு எல்லாம் வரும்' என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள்.

டீமில் எல்லோரும் மதிக்கிற, எதையும் லேசில் நம்பாத ஒருவர் இருப்பார். அவரைச் சேருங்கள். 'குறை கண்டுபிடித்துச் சொல்லுங்கள்' என்பதையே அவருடைய வேலையாகக் கொடுங்கள். அவர் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், "பரவாயில்லப்பா, அந்த ரிப்போர்ட் ரெண்டு நிமிஷத்துல வந்துருது" என்று போகிறபோக்கில் சொல்வது, நீங்கள் போடும் நாற்பது ஸ்லைடுக்குச் சமம்.

சோதனையில் வரும் கோளாறுகளை மறைக்காதீர்கள். கோளாறே வராத சோதனையை யாரும் நம்பப்போவதில்லை.

படி 9: பயிற்சி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதிரித் தரவு வேண்டாம், அவரவர் சொந்த வேலையை வைத்துப் பழக்குங்கள். பயன்பாட்டுக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே நடத்தினால் மறந்துவிடும். அந்த வாரத்தில் நடத்துங்கள். முதல் வாரம் கூப்பிட்ட குரலுக்கு வரும் ஒருவர் அதே தளத்தில் இருக்க வேண்டும், கம்ப்யூட்டரில் புகார் பதிந்துவிட்டுக் காத்திருக்கவைக்கக் கூடாது. தட்டுத்தடுமாறுபவர்களுக்குத் தனி அறை, தனி நேரம். அவர்கள் யார் என்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

படி 10: பழைய பாதையை ஒரு தேதியில் மூடுங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் இதமான வேலைகள். இது கறாரான வேலை. பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் காலம் நீண்டால் எல்லோருக்கும் இரட்டைச் சுமை. புது முறையின் மேல் வெறுப்புத்தான் வளரும்.

சுவீடனில் 1955-ல் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதை விட்டு வலப்பக்கம் மாறலாமா என்று கேட்டதற்கு 83 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இருந்தும் 1963-ல் நாடாளுமன்றம் மாறுவதென்று முடிவெடுத்தது. விரும்பாத ஒரு முழு நாட்டையே எப்படி மாற்றினார்கள்? நான்கு வருஷம் தயார்ப்படுத்தினார்கள். சாலைச் சந்திப்புகளைத் திருத்தினார்கள், பேருந்துகளில் கதவை இடம் மாற்றினார்கள், மக்களுக்கு ஓயாமல் விளக்கிச் சொன்னார்கள். பிறகு 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4:50-க்கு, சாலையில் இருந்த வண்டிகள் நின்று, கவனமாக வலப்பக்கம் நகர்ந்து, 5 மணிக்குப் புறப்பட்டன. பாதி நாடு இடப்பக்கம், பாதி நாடு வலப்பக்கம் என்ற 'இடைக்காலம்' கிடையாது.

உங்களுக்கும் ஒரு தேதி வேண்டும். கணக்கு முடிக்கும் மாதக் கடைசியோ ஆர்டர் குவியும் பருவமோ வேண்டாம். அந்தத் தேதிக்கு முன் உங்கள் குறைப் பட்டியலில் 'இது சரியாகாமல் வேலையே நடக்காது' என்ற வகையில் ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது. தேதி வந்ததும் பழைய ஷீட்டைப் படிக்க மட்டும் முடியும்படி பூட்டுங்கள். அழிக்காதீர்கள், பழைய விவரம் தேவைப்படும். முக்கியமாக, அன்று முதல் நீங்களும் உங்கள் மேலதிகாரியும் பழைய வடிவில் ரிப்போர்ட் கேட்கக் கூடாது. 'அந்தப் பழைய ஷீட்டை ஒரு தடவை மெயில் பண்ணுங்க' என்று டைரக்டர் ஒருமுறை கேட்டால் போதும், எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

மூடிய பிறகு எதை அளப்பது? 'திருப்தியா?' என்ற சர்வேயை நம்ப வேண்டாம். என்ட்ரிகள் எந்த நேரத்தில் விழுகின்றன என்று பாருங்கள். நாள் முழுக்கப் பரவலாக விழுந்தால் புது முறையில் வேலை நடக்கிறது. சாயங்காலம் மொத்தமாக விழுந்தால் எங்கோ ஒரு நோட்டு இன்னும் இருக்கிறது. போய்ப் பாருங்கள், திட்டுவதற்கு அல்ல. நான்காவது படியைத் திரும்பச் செய்வதற்கு.

படி 11: கடைசி வரை முடியாது என்பவர்

எல்லாம் செய்த பிறகும் ஒருவர், இருவர் இருப்பார்கள். தனியாகக் கூப்பிட்டு, அவர் சொன்னவற்றில் எதை எதைச் சரிசெய்தீர்கள் என்று காட்டுங்கள். இன்னும் என்ன வேண்டும் என்று கடைசியாக ஒருமுறை கேளுங்கள். நியாயமான இழப்பு என்றால் பேரம் பேசலாம், வேறு பொறுப்பு, வேறு ஷிஃப்ட் என்று. அதுவும் இல்லையென்றால், எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தெளிவாக, மரியாதையாக, எழுத்தில் கொடுங்கள். கூட்டத்தில் வைத்துக் குத்திக்காட்டுவது கூடாது. அதேபோல் அவரை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதும் கூடாது. கஷ்டப்பட்டு மாறிய மற்ற எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

மாறாக, முடியாது என்பவர்கள் ஒருவர் இருவராக இல்லாமல் பாதி டீமாக இருந்தால், அதுவும் வேலை தெரிந்தவர்களாக இருந்தால், ஆளைப் பார்க்காமல் மாற்றத்தைத் திரும்பப் பாருங்கள். குறைப் பட்டியலை எடுத்துக்கொண்டு மேலிடத்திடம் போய், தேதியைத் தள்ளுங்கள் என்றோ, இந்தப் பகுதியைக் கைவிடுங்கள் என்றோ சொல்வதும் உங்கள் வேலைதான். வெறும் அபிப்பிராயமாகப் போகாமல் பட்டியலோடு போனால் கேட்பார்கள்.

மேலிடத்திலிருந்து அடுத்த மாற்றம் வந்து வரிசையில் நிற்கும்; ஒரே டீமின் தலையில் ஒரே நேரத்தில் சாஃப்ட்வேர் மாற்றம், ஷிஃப்ட் மாற்றம், மதிப்பீட்டு முறை மாற்றம் மூன்றும் இறங்குவது சகஜம். அவற்றை ஒரே காலண்டரில் குறித்து, எது முதலில், எது ஆறு மாதம் கழித்து என்று மேலிடத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். முதல் மாற்றத்தின் சாயங்கால என்ட்ரிகள் நின்ற பிறகு இரண்டாவதைத் தொடங்கலாம்.